பொருள் தெரியாமல் வாங்கிய பாட்டு

சுவிஸில், லுசேர்ண் நகர ஹோட்டல் குசினியில் சட்டி கழுவும்போது ரேடியோவில் ஒரு அமெரிக்கக் கன்ட்ரி பாட்டு அடிக்கடி போகும். இங்கிலீசு என்ன, தமிழே எனக்கு அஞ்சாம் வகுப்போடு நின்றது. குரல் உருகியதால் காதல் பாட்டென்று முடிவுகட்டினேன். காரணம் சொல்லாமல் நாலு நாளாகக் கதைக்காமலிருந்த மனைவியைச் சமாதானப்படுத்த, அந்தப் பாட்டின் சிடியை வாங்கிவந்து வீட்டில் போட்டேன்.

இங்கிலீசு தெரிந்த மகள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"அப்பா, இதில புருசன் வேலையால வந்து சாப்பிட்டிட்டு டிவி பாக்கிறான். நீ சாப்பிட்டியோ எண்டு ஒருநாளும் கேக்கேல்லை. மனுசி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போறா."

மனைவி நிமிர்ந்தாள். "உங்கட கதை அமெரிக்கா வரைக்கும் போயிட்டுதோ?"

பதறிப்போய், "நீ சாப்பிட்டியோ?" என்றேன்.

"பாட்டைப் பாத்துக் கொப்பியடிக்காதேங்கோ."

அதன்பிறகு தினமும் கேட்கிறேன். "ஓம்" என்கிறாள், அவ்வளவுதான். அந்தப் பாட்டுக்கு முன் ஒருநாளாவது கேட்டிருந்தால் அது என்னுடைய கேள்வியாக இருந்திருக்கும். என்மேல்தான் எரிச்சல் வருகிறது.