இல்லாத மச்சான்

கொரோனாவின் இரண்டாம் அலை அடங்கத் தொடங்கியிருந்த சமயம். கொல்லிமலையில், தேவனூர் நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில், சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் இரண்டு அறை வீடு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். நடத்திக்கொண்டிருந்தேன் என்பது பெருமைக்குச் சொல்வது. வெளியூர்க்காரர்களைத் தங்கவைக்கக் கூடாது என்று உத்தரவு. அதனால் தினமும் அறைகளைத் திறந்து, பெருக்கி, மறுபடி பூட்டிக்கொண்டிருந்தேன். மனைவி நாமக்கல்லில். நானும் என் புத்தகங்களும் மலைமேல். கடைசியாக வந்து தங்கியவர் இணையத்தில் எழுதியிருந்த கருத்தை அடிக்கடி எடுத்துப் படிப்பேன்: 'வீடு அருமை. உரிமையாளர் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறார்.' பேச ஆளே இல்லாமல் போனபிறகு அதுகூடப் பாராட்டாகத்தான் தெரிந்தது.

அப்போது சேலத்திலிருந்து ஒரு போன். முன்பு இரண்டு முறை வந்து தங்கிய தம்பதி. அடுக்குமாடி வீட்டுக்குள் அடைந்து கிடந்து பைத்தியம் பிடிக்கிறது, மூன்றே நாள் இருந்துவிட்டுப் போகிறோம் என்றார் கணவர். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்ததென்னவோ 'வாங்க' என்ற சொல். காரவள்ளி சோதனைச் சாவடியில் கேட்டால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லுங்கள் என்று யோசனை வேறு கொடுத்தேன். சாவடியில் இருந்த காவலர் நம்பாமல் எனக்கே போன் போட்டார். என் மச்சானும் அவர் சம்சாரமும் என்றேன். என் மனைவியுடன் பிறந்தவர்கள் எல்லாம் பெண்கள். மாமனாருக்கு மகன் இல்லாத குறையை ஒரே போனில் தீர்த்துவைத்தேன்.

பொய்யை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். விருந்தினர்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர் உண்டு. பக்கத்துத் தோட்டத்து வீடு. விஷயம் வெளியே போய்விடக் கூடாதே என்று அவரிடமும் அதே மச்சான் கதையைச் சொன்னேன். அவர் போகிற வழியிலெல்லாம், "சாரூட்டுக்கு ஒரம்பரை வந்திருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்.

ஒரம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் சொந்தபந்தம். இத்தனை வருடத்தில் நான் புரிந்துகொள்ளாத ஒன்று அந்தச் சொல்லுக்குள் இருந்தது. வாடகைக்குத் தங்க வருகிறவர்களை ஊர்க்காரர்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரம்பரை வந்துவிட்டால், போய் ஒரு வார்த்தை விசாரிக்காமல் இருப்பது அவமரியாதை. அன்று மாலைக்குள் பதினோரு பேர் வந்துவிட்டார்கள். அவித்த மரவள்ளிக் கிழங்கு, ஒரு சீப்பு மலைவாழை, சாமைப் பாயசம். எப்ப வந்தீங்க, ஊரில் எல்லாரும் சௌக்கியமா என்று நெருங்கி உட்கார்ந்து விசாரித்தார்கள். முகத்தை மூடிக்கொண்டு ஒரம்பரையிடம் பேசுவது அழகில்லை என்று முகக்கவசம் தாடைக்கு இறங்கியது. அக்காவின் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள், ஒன்பதாம் மாதம். அவளையும் கூட்டிவந்தார். மச்சான் மனைவி அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தன் கையாலேயே ஒரு வாய் பாயசம் ஊட்டினார். நான் முழு வேகத்தில் பேசிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் மச்சானைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், கொடியிலிருந்து பச்சை மிளகு நாலு பறித்துக் கொடுத்தேன். மென்றார். "காரமே இல்லையே" என்றார். கொல்லிமலை மிளகைப் பார்த்து இப்படிச் சொல்லிவிட்டாரே என்று எனக்குச் சுருக்கென்றது. இன்னும் நாலு கொடுத்தேன். சாதுவாக மென்று தலையசைத்தார். மிளகின் மகிமையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியபிறகுதான் எனக்கு உறைத்தது. காப்பி எப்படி இருந்தது என்று கேட்டேன். அதுவும் வெந்நீர் மாதிரிதான் இருந்ததாம். நேற்று சாயங்காலத்திலிருந்தே எதுவும் மணக்கவில்லை, வெளியே சொல்லத் தயக்கமாக இருந்தது என்றார்.

பதினோரு முகங்கள். அந்தப் பெண்ணின் வயிறு. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இப்போதே கிளம்பிவிடுகிறோம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார் அவர். அரைமணி நேரம் அந்த யோசனையை நான் பரிசீலித்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பதற்கு என்னால் ஆறு காரணங்கள் கண்டுபிடிக்க முடிந்தது. ஏழாவதைத் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா பால் சொம்போடு வந்தார். பின்னால் மகள், இடுப்பில் கைவைத்து மெல்ல நடந்து.

உள்ளே வராதீர்கள் என்று கேட்டிலேயே நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டார். அப்புறம்தான் பேசினார்.

"ஏனுங்க சார், தங்க வந்தவங்கன்னு சொல்லியிருந்தா சோத்த கேட்டுலயே வெச்சுட்டுப் போயிருப்பனுங்களே. ஒரம்பரைன்னு சொன்னீங்க. அதனாலதானுங்க புள்ளையக் கூட்டியாந்தேன்."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சுகாதார நிலையத்துக்கு நானே போன் செய்தேன். வண்டி வந்து தம்பதியைக் கீழே கொண்டுபோனது. அதற்குள் வீடு வீடாகப் போய், வாசலுக்குப் பத்தடி தள்ளி நின்று, நான் சொன்னது பொய் என்று சொன்னேன். ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டார். மிளகுத் தோட்டக்காரர் ஒருவர் மட்டும் நிதானமாகக் கேட்டார்: "அப்ப உங்களுக்கு மச்சானே கெடையாதுங்களா?" இல்லை என்றேன். "அந்தப் பாயசம் எங்கூட்ல வெச்சதுங்க" என்றார்.

மச்சானாக வந்தவருக்குத் தொற்று என்று மறுநாளே தெரிந்துவிட்டது. எங்களுக்கு ஐந்தாம் நாள்தான் பரிசோதனை, அதுவரை யாரும் வெளியே வரக் கூடாது என்று சுகாதார நிலையத்து நர்ஸம்மா சொல்லிவிட்டார். என் ஜன்னலிலிருந்து அக்கா வீட்டு வாசல் தெரியும். காலையில் அந்தப் பெண் துணி உலர்த்த வருகிறாளா என்று பார்த்தபடி நிற்பேன். வந்தால் கொஞ்சம் மூச்சு வரும். நாலாம் நாள் வரவில்லை. புத்தகங்கள் அலமாரியில் இருந்தன. ஒரு பக்கம்கூட ஓடவில்லை.

நாலாம் நாள் காய்ச்சல் வந்தது அவளுக்கல்ல, அக்காவுக்கு. பரிசோதனையில் அவருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் தொற்று. மகளுக்கு இல்லை. எனக்கும் இல்லை, நியாயத்துக்கும் கிருமிக்கும் சம்பந்தமில்லை. மூவரும் பிழைத்து வந்தார்கள். ஆனால் அக்கா சிகிச்சை மையத்தில் படுத்திருந்தபோதே மகளுக்கு வலி எடுத்து, கீழே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தவள், தாய் பக்கத்தில் இல்லாமல் பெற்றாள். அதிகாரிகள் என் வீட்டைப் பூட்டி முத்திரை வைத்தபோது எனக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது.

கட்டுப்பாடுகள் எல்லாம் போய், இப்போது மறுபடி விருந்தினர்கள் வருகிறார்கள். அக்காவும் சமைக்க வருகிறார். பேத்தியைப் பற்றிச் சொல்கிறார், என் பேச்சுக்குச் சிரிக்கவும் செய்கிறார். ஆனால் யாராவது புதிதாக வந்திருந்தால், கேட்டுக்கு வெளியே நின்று, "வந்திருக்கறது ஆருங்க?" என்று கேட்டு, என் பதில் வந்தபிறகுதான் உள்ளே காலெடுத்து வைக்கிறார். அவர் கேட்காமலே உள்ளே வரும் ஒரு நாள் வரும்வரை, நான் மன்னிக்கப்பட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.