காப்பித் தோலில் செய்த உணரி

சேலத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உணரி, அதாவது சென்சார், செய்வது என் வேலை. காப்பித் தோலை அரைத்துச் செய்த காகிதம், அதன்மேல் பட்டுத்துணி. இரண்டும் அழுந்தி உரசினால் தானாகவே துளி மின்சாரம் பிறக்கும். பேட்டரி வேண்டாம்; தூக்கிப் போட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும். இதைப் பற்றி மேடையேறி நிறையப் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா பக்கவாதத்தில் படுத்தபோது அதில் ஒன்றை மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் செம்மநத்தத்துக்குக் கொண்டுபோய் அவர் மெத்தைக்கடியில் வைத்தேன். அவர் புரண்டால், மூச்சுவிட்டால்கூட, சேலத்தில் என் செல்போனில் கோடு துள்ளும். செய்தி அனுப்பும் சின்னப் பெட்டிக்கு மட்டும் வீட்டுக் கரண்ட். அம்மா தைரியமாக எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போக ஆரம்பித்தாள். கோடு அடங்கினால் நான் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட வேண்டும், அவர் போய்ப் பார்ப்பார் என்பது ஏற்பாடு.

முதல் தடவை அடங்கியபோது அக்கா போட்டது போட்டபடி ஓடினார். அப்பா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். மூடுபனி உள்ளே புகுந்து காகிதம் நமுத்திருந்தது. ஈரத்தில் அந்த மின்சாரம் நிற்காது. மலையில் பிறந்த எனக்கே இது தோன்றவில்லை. அடுத்த மூன்று தடவையும் பனிதான். அக்காவுக்குச் சலித்துவிட்டது. அம்மா அதை அடுப்புக்கு மேலே காயவைத்து மறுபடி வைப்பாள்.

“உம் மெசினு என்னைய நாலு தடவ சாவடிச்சிருச்சு கண்ணு” என்று அப்பா சிரித்தார். அதற்குப் பிறகு கோடு அடங்கினாலும் நான் யாரையும் கூப்பிடவில்லை.

தை மாதம் ஒரு நாள் காலை எட்டரைக்கு அடங்கியது. பார்த்தேன். பனி என்று நினைத்து வகுப்புக்குப் போனேன். டீ குடிக்கும்போது மறுபடி பார்த்தேன்; அப்படியேதான் இருந்தது.

அன்று மலையில் நல்ல வெயில். அப்பா கட்டிலிலிருந்து விழுந்து, மதியம் அம்மா வரும்வரை சிமெண்டுத் தரையில் கிடந்திருக்கிறார். உயிர் தப்பியது. பேச்சு போய்விட்டது.

மாலை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அழுகை வரவில்லை. பயம்கூட இல்லை, மனசு மரத்துக் கிடந்தது. கட்டில் ஓரம் நின்றிருந்த அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“நீ போன்ல பாத்துக்கிட்டுத்தான கண்ணு இருந்த?”

“பாத்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன்.”

கட்டிலில் அப்பா கண்ணைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.