வெட்டிப் போட்ட நாற்பது ரூபா

நோட்டீசை அண்ணன்தான் கொண்டுவந்தார். மாத்தளை டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர், வருடா வருடம் பஸ் ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஆட்களைச் சுற்றுலா கூட்டிப்போவார். திருகோணமலை, மூன்று நாள், கன்னியா வெந்நீர்க் கிணறு, கோணேசர் கோவில், சாப்பாடும் தங்க இடமும் சேர்த்து ஆளுக்கு நாற்பது ரூபா என்று அச்சடித்திருந்தது. அந்த நாற்பதைச் சிவப்பு மையால் வெட்டி, பக்கத்தில் இருபத்தெட்டு என்று கையால் எழுதியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் பதிபவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை.

"படிச்சவ நீதானே. இது தேறுமா, ஏமாத்தான்னு பாத்துச் சொல்லு" என்றார் அண்ணன்.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அண்ணன் மூன்றாம் வகுப்போடு நின்று, மிளகுக் கடையில் மூட்டை நிறுத்து என்னைப் படிக்கவைத்தார். நான் டீச்சராகி ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் கடைசி வார்த்தை என்னுடையது. அதில் எனக்குப் பெருமை நிறையவே உண்டு.

"எத்தனை பேருக்கு?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கும் உங்க அண்ணிக்கும். அவ கடலே பாத்ததில்ல. ஒனக்கென்ன, ஸ்கூல்ல கூட்டிட்டுப் போவாங்க."

நானும் கடலைப் பார்த்ததில்லை. இலங்கைப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, சுற்றிலும் நீலச் சுண்ணக்கட்டியால் தேய்த்துக் கடல் என்று சொல்லிக்கொடுப்பவள், பார்த்ததில்லை என்று எப்படிச் சொல்வது? நோட்டீசை மடித்துக்கொண்டேன்.

அண்ணி எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். என்னைவிட இரண்டு வயது குறைவு. கல்யாணமாகி வரும்வரை கொழுந்து பறித்தாள். கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அவள் வருவதற்கு முன் சம்பள நாளில் அண்ணன் எனக்கு ஒரு கிம்புலா பணிஸ் வாங்கிவருவார், மேலே சீனி ஒட்டிய நீள பன் ரொட்டி. இப்போதும் வாங்கிவருகிறார். பொட்டலம் முதலில் அவள் கைக்குப் போகிறது, அவள் பிய்த்து எனக்குத் தருகிறாள். பெரிய துண்டைத்தான் தருவாள். அதுதான் எனக்கு இன்னும் எரியும்.

அடுத்த நாள் ஸ்டூடியோவுக்குப் போனேன். அண்ணியும் கூட வந்தாள். முதலாளி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நாப்பது ரூபாய்க்கு எப்ப யாரைக் கூட்டிட்டுப் போனீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "நாப்பதுன்னா யாரும்மா வருவா? அதுக்குத்தானே வெட்டிப் போட்டிருக்கு."

"தங்குறது எங்க?"

"கோயில் மடத்துல. நல்ல காத்து."

"மடத்துல யாத்திரைக்காரங்களுக்குச் சும்மாதானே இடம் குடுப்பாங்க?"

"இடம் சும்மா. பாய் நம்ம பாய்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் அவளைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. நான் கேட்கும் கேள்விக்கு யாரும் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது என் தீர்ப்பு முடிந்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். வெட்டிப் போட்ட நாற்பது என்பது பொய் விலை. மடத்துக்குக் காசு கிடையாது, அதற்கும் சேர்த்து வாங்குகிறார். சாப்பாட்டுக்கும் வாங்குகிறார், ஆனால் அம்மா கோவிலுக்குப் போகும் வழியில் அடுத்தவர் சமைத்ததைத் தொடமாட்டார், வீட்டிலிருந்து புளிச்சாதம் கட்டிக்கொண்டுதான் போவார். அரசாங்க பஸ்ஸில் தம்புள்ளைக்குப் போய், அங்கே மாறி ஏறினால் பாதிக் காசில் போய்வரலாம். ஒவ்வொன்றும் உண்மை. அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பெருமைப் பார்வை என்மேல் விழுந்து ரொம்ப நாளாகியிருந்தது.

"பாத்தியா, படிப்புன்னா இதுதான்" என்று அம்மாவிடம் சொன்னார். "அவனுக்கு எதுக்குக் குடுக்கணும்? நானே லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்."

அண்ணி எனக்கு ரசம் ஊற்றினாள். ஒரு சொட்டும் கீழே சிந்தவில்லை. சிந்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பஸ் போன அன்று காலையில், எங்கள் தெருக் கோவிலுக்கு முன்னால் பெண்களில் பாதிப் பேர் சாமான்களோடு நின்றார்கள். குழாயடியில் ஒருத்தி அண்ணியிடம், "நீ வரலியாடி?" என்று கேட்டாள்.

"எங்க டீச்சரு கணக்குப் போட்டுப் பாத்துட்டாங்க. அது ஏமாத்து" என்றாள் அண்ணி, ஏதோ நகை கிடைத்ததுபோல. நான் தண்ணீர்க் குடத்தோடு பின்னால் நின்றேன்.

மூன்று நாள் கழித்து எல்லோரும் தொண்டை கட்டித் திரும்பினார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு கைப்பிடி சிப்பி கொண்டுவந்து தந்தார். மடத்துக்குக் கொடுத்த காசு வீண் என்பதை அவருக்கும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடி, மடத்துக்கா காசு குடுத்தோம்?" என்றார். "எங்க வீட்டு ஆளு என்னைத் தனியா தம்புள்ளைக்கு விடுவாரா? கோயில் ஐயரு சம்சாரமே வராங்க, தெருவே வருதுன்னதும் அவரு தடுக்கல. மூணு நாளு நாங்க ஆம்பளைங்களுக்குச் சோறு போடல. அதுக்குத்தான் இருபத்தெட்டு."

இதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. அரசாங்க பஸ் மலிவுதான். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் தாமாக அதில் ஏற முடியாது. அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. மிளகு முடிந்தால் கொக்கோ வந்தது, கொக்கோ முடிந்தால் மிளகுக் கடை முதலாளிக்கு வயிற்று வலி வந்தது. அண்ணி ஒருநாளும் கேட்கவில்லை. சிப்பியை மட்டும் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

அடுத்த வருடம் நோட்டீஸ் மறுபடி வந்தது. நாற்பத்தைந்தை வெட்டி முப்பது. போகும் நாள் எங்கள் பள்ளிக்கூடத்துப் பரீட்சை வாரத்தில் விழுந்தது. சம்பளம் வாங்கிய அன்றே ஸ்டூடியோவுக்குப் போய் அம்மா பெயரையும் அண்ணி பெயரையும் எழுதிவிட்டு வந்தேன்.

அண்ணன் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன தடவை ஏமாத்துன்னியே. இப்ப விலை கூடத்தானே ஆயிருக்கு?"

என்ன பதில் சொன்னாலும் அவர் நம்புவார். அதனால்தான் பொய் சொல்ல வாய் வரவில்லை. "கணக்கு சரிதாண்ணே. நான்தான் சரியில்ல. அவங்களுக்கு மட்டும் சீட்டுன்னதும் பொறுக்கல" என்றேன்.

அண்ணன் வெளியே போய்ப் பீடி பற்றவைத்தார். அடுப்படியிலிருந்து அண்ணி சொன்னாள்: "எனக்கு அன்னைக்கே தெரியும் டீச்சரு. ஸ்டூடியோவுல நீங்க நாற்காலியில ஒக்காரவே இல்ல, வேணாம்னு சொல்லத்தான் வந்திருந்தீங்க."

"தெரிஞ்சா ஏன் அண்ணி பேசாம இருந்தீங்க?"

"நீங்க சொன்னது எல்லாம் நெசமாத்தானே இருந்துச்சு. நான் என்னன்னு பேசுறது?"

அவர்கள் போன மூன்று நாளும் நான் அண்ணனுக்குச் சமைத்தேன், விடைத்தாள் திருத்தினேன். அண்ணன் பீட்ரூட் கறியில் உப்பு கூடிவிட்டது என்றார்.

திரும்பிவந்த அண்ணி கறுத்துப்போய், குரல் உடைந்து, வாசலிலேயே சிரிக்கத் தொடங்கினாள். அலை வந்து இழுத்தபோது அம்மா பயந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாராம். இரண்டு பேரும் சேர்ந்தே விழுந்தார்களாம். அம்மா என் இடுப்பைக் கட்டிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. அம்மா சொல்லச் சொல்ல, விட்ட இடங்களை அண்ணி நிரப்பினாள். இரண்டு பேருக்கும் ஒரே கதை இருந்தது.

மறுநாள் அவள் புடவையை நான்தான் துவைத்தேன். கொசுவத்தில் இன்னும் மணல் இருந்தது. உதறினேன். உதற உதற வந்தது. அவளைப் போகவைத்தது நான்தான், என் சம்பளத்தில்தான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பொறாமை குறையவில்லை. உள்ளதைச் சொன்னால், முந்திய வருடத்தைவிட அன்றைக்குத்தான் அதிகமாக இருந்தது.