அக்கா கழற்றி மாட்டிய கதவுகள்

எங்கள் அக்கா கமுதியில் பிறந்தார், ராமநாதபுரத்தில் வாழ்க்கைப்பட்டார். வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையை அத்தானோடு இருந்து பழகியவர், அத்தான் மறைந்த பிறகு தனியாகவே எடுத்து நடத்தினார். தம்பி என்னைப் படிக்க வைத்ததும் அந்த வருமானம்தான்.

எங்காவது வீடு இடிக்கிறார்கள் என்றால் அக்கா முதலில் போய் நிற்பார். கடப்பாரையைத் தூக்கியவரைப் பார்த்து, "ஏலே, நில்லு! அந்தக் கதவு ஒன்ன என்ன செஞ்சுச்சு?" என்று சத்தம் போடுவார். கதவு, சன்னல், அலமாரிப் பலகை, தரைக்கல் எல்லாவற்றையும் உடையாமல் எடுத்து, இழைத்து, அடுத்து வேலை எடுக்கும் வீட்டுக்கு அளவு பார்த்துப் பொருத்துவார். புதிதாகச் செய்வதையும் பசை போட்டு ஒட்ட விடமாட்டார், திருகாணிதான். "நாளைக்குக் கழட்டுறவன் நம்மள வையக் கூடாதுல்ல" என்பார். ஊர் சும்மா இருக்குமா? 'பழசு பொறுக்கி' என்றது. அக்கா சிரித்துக்கொள்வார், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

தம் வீட்டிலும் ஏர்வாடிப் பக்கம், இருந்தவர் நோயில் இறந்த பிறகு இடித்த ஒரு வீட்டின் தேக்குக் கதவுகளையே மாட்டியிருந்தார். அக்காவுக்கு மார்பில் கட்டி என்று மதுரையில் சேர்த்திருந்தபோது, பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் அம்மாவிடம், "செத்த வீட்டுக் கதவக் கொண்டாந்து மாட்டுனா, அந்த வீட்டுச் சீக்கும் கூடத்தான வரும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். வாயை வைத்துக்கொண்டு சும்மா போயிருக்கக் கூடாதா மனிதர்! மகள் பிழைத்தால் போதும் என்ற நினைப்பில், அம்மா ஆள் வைத்து அத்தனை கதவையும் பெயர்த்து, மரத்தை எரித்துக் கரிமூட்டம் போடுகிறவரிடம் கொடுத்துவிட்டார்கள். புதிதாகப் பிளாஸ்டிக் கதவுகள் வந்தன.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, கதவு நல்லாத்தானம்மா இருந்துச்சு?"

"நீ நல்லாயிரணும்னுதான் ஆத்தா செஞ்சேன்" என்று அம்மா அழுதார்கள். அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே எங்களை விட்டுப் போய்விட்டார்.

அக்கா கைபட்ட மரம் என்று ஒரு துண்டுகூட இன்று அந்த வீட்டில் இல்லை. அம்மாவை அதுதான் அரிக்கிறது. என்னையும்தான்.

மதுரையில் இரவு பகலாக உடனிருந்த சித்திக்கும், ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், அக்கா ஒப்புக்கொண்ட வேலைகளை முடித்துக் கொடுத்த ஆசாரி அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் வீட்டில் அக்கா மாட்டிய கதவு இருக்கும். என்றைக்காவது அதை எடுப்பதாக இருந்தால் உடைத்துவிடாதீர்கள். ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், வந்து கழற்றிக்கொள்கிறோம். அம்மாதான் இதை எழுதச் சொன்னார்கள்: "செத்த வீட்டுக் கதவா இருந்தாலும் சரிப்பா, எம்மக கைபட்டதா ஒண்ணு குடுங்க."