நாலரை நாளில் ஒரு வருடம்: கிரகம் தேடித் திருத்தணிக்கு

தை அமாவாசைக்கு மறுநாள், திங்கட்கிழமை, இரண்டு நாள் விடுப்பு போட்டுவிட்டுத் திருத்தணிக்குப் போய் வந்தேன். கையில் பதினெட்டு கிலோ சாமான். போனதற்குக் காரணம் தேவகி.

தேவகிக்கு ஆர்.கே.பேட்டை. வயது முப்பத்தெட்டு. கணவரோடு சேர்ந்து வீட்டிலேயே நான்கு விசைத்தறி ஓட்டுகிறாள். எனக்கு அம்பத்தூர், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, வயது ஐம்பத்திரண்டு, மொட்டை மாடியில் ஐந்து அங்குலத் தொலைநோக்கி ஒன்று உண்டு. நாங்கள் இருவரும் பழக்கமானது இணையத்தில். விண்வெளித் தொலைநோக்கிகள் அளந்த நட்சத்திர வெளிச்சத்தை வரைபடமாகப் போட்டு, யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம் என்று திறந்து வைத்திருக்கும் தளம் அது. ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகம் அதன் முகத்துக்கு நேரே கடக்கும்போது வெளிச்சம் துளி குறையும். நூறில் ஒரு பங்கு, சில சமயம் அதுவும் இல்லை. வரைபடத்தில் சிறிய பள்ளமாகத் தெரியும். அந்தப் பள்ளம் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே ஒரு கிரகம் இருக்கலாம்.

போன வருடம் மாசியில் தேவகி அப்படி ஒன்றைப் பிடித்தாள். நான்கு நாள் பதினான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பள்ளம். முந்நூற்று எண்பது ஒளியாண்டு தொலைவில், நம் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம். தளத்தை நடத்தும் விஞ்ஞானிகள் பார்த்துவிட்டு, இருக்கலாம், தரையிலிருந்து யாராவது சரிபார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். தமிழ் பேசும் ஆள் வேறு யாரும் அங்கே இல்லாததால் தேவகி எனக்கு எழுதினாள். அன்றிலிருந்து தினமும் பேச்சு.

அந்தக் கிரகத்துக்கு நான்கு நாள் பதினான்கு மணி நேரம்தான் ஒரு வருடம். அதனால் ஒவ்வொரு முறையும் அது சுற்றி முடிக்கிற நேரத்தில் தேவகியிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு செய்தி வரும்: "புத்தாண்டு வாழ்த்துகள் அக்கா." ஒரு நாள் காலை பத்து மணிக்கு வரும், அடுத்தது நள்ளிரவில், அதற்கடுத்தது மதியச் சாப்பாட்டு வேளையில். ரத்தக் குப்பிகளுக்கு நடுவே நின்றுகொண்டு நானும் பதில் வாழ்த்து அனுப்புவேன். அங்கிருந்து பார்த்தால் நம்ம சூரியன் தெரியுமா என்று ஒருமுறை கேட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்து, வெறும் கண்ணுக்குத் தெரியாது, சின்னத் தொலைநோக்கி வேண்டும் என்று சொன்னேன். 

சரிபார்க்க வேண்டியது என் பொறுப்பு. அந்தக் கடப்பு நம் ஊர் இருட்டு நேரத்துக்குள் முழுசாக விழுகிற நாட்கள் கொஞ்சம்தான். அதில் இரண்டை அம்பத்தூர் மாடியிலேயே கோட்டைவிட்டேன். ஒன்றில் மேகம், மற்றொன்றில் தொழிற்பேட்டைப் புகையும் விளக்கும் சேர்ந்து படத்தையே வெளுத்துவிட்டன. மூன்றாவதைத் தவறவிட மனமில்லை. "எங்க ஊருக்கே வந்துடுங்கக்கா, தெருவுக்குக் கடைசி வீடு, அப்பால வெறும் கொல்லிதான்" என்றாள் தேவகி. கொல்லி என்றால் அந்தப் பக்கத்தில் வயல்காடு. கிளம்பிவிட்டேன்.

அம்பத்தூரில் காலை 9.50க்குத் திருத்தணி மின்சார ரயில். டிக்கெட் இருபது ரூபாய். தொலைநோக்கிக் குழாயை ஒரு பையிலும், தாங்கு காலையும் பேட்டரியையும் இன்னொரு பையிலும் வைத்துக்கொண்டு பெண்கள் பெட்டியில் கதவோரம் நின்றேன். எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 11.25க்குத் திருத்தணி.

தேவகி நடைமேடையிலேயே நின்றிருந்தாள். பதினோரு மாதம் பேசியும் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. புகைப்படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். கட்டணமில்லா டவுன் பஸ்ஸில் வந்ததாகச் சொன்னாள். என் கையிலிருந்த கனமான பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "இதுலதான் பாக்கப் போறமா?" என்று மட்டும் கேட்டாள்.

சாமான்களை அடிவாரத்தில் ஒரு விடுதியில் வைத்தோம். அறை வாடகை தொள்ளாயிரம். பகல் சில மணி நேரத்துக்கு அது அதிகம்தான், ஆனால் அந்தச் சாமானை வேறெங்கும் விட்டுப்போக எனக்குத் தைரியம் இல்லை. மாலை வரை நேரம் இருந்ததால் மலை ஏறினோம். வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று முந்நூற்று அறுபத்தைந்து படி. ஐந்தாவது படியில் தேவகி நின்றாள்.

"அக்கா, நம்ம கெரகத்துக்கு இங்கயே வருஷம் முடிஞ்சிடுது" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மேலே ஏறும்போது ஐந்து ஐந்து படியாக எண்ணிக்கொண்டே வந்தாள் என்பதை உதட்டசைவில் பார்த்தேன். அமாவாசைக் கூட்டம் முந்தின நாளோடு வடிந்திருந்தது. தரிசனம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்கவில்லை. எனக்கும் அதே வேண்டுதல்தான்.

மூன்றரைக்கு ஆட்டோ. ஆர்.கே.பேட்டை இருபத்து சொச்சம் கிலோமீட்டர், அறுநூற்றைம்பது ரூபாய் என்று பேசி முடித்தோம். ஓட்டுநர் நடுவயதுக்காரர். பின்னால் கிடந்த குழாயைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவர், போர்வெல் மோட்டாரா என்று விசாரித்தார். தேவகி விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடி வழியாகவே கேட்டார்.

"அங்க தண்ணி கீதாமா?"

"இல்லண்ணா. அடுப்பு மாதிரி கொதிக்கும். கால் வெக்கத் தரையே கெடையாது."

"அப்பறம் அத்த வெச்சிகினு இன்னா பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். இருக்குதுன்னு தெரிஞ்சா போதும்."

அவர் தலையை ஆட்டினார். இறங்கும்போது பேசிய காசுதான் வாங்கினார். வெளியூர்ச் சாமான் என்று கூடுதலாகக் கேட்பார் என நான் நினைத்திருந்தேன்.

தேவகியின் வீடு முன்பக்கம் வசிக்க, பின்பக்கம் தறிக்கூடம். நான்கு தறியும் ஓடும்போது பேசுவது காதில் விழாது. நூல் அறுந்ததைக் கண்டுபிடித்துப் பழகிய கண்தான் பள்ளத்தையும் பிடித்ததா என்று கத்திக் கேட்டேன். கேட்கத் தகுந்த கேள்வி என்று எனக்கு ஒரு பெருமை. "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, மிஷின் பாட்டுக்கு ஓடிகினு இருக்கும், நான் போனுல பாத்துகினு இருப்பேன்" என்று முடித்துவிட்டாள்.

அவள் கணவர் முனிரத்தினம் அதிகம் பேசாதவர். தேவகி அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுகிறாள். இங்கே தெலுங்கும் தமிழும் ஒரே வீட்டில் புழங்குவது சாதாரணம். தறி ஓடினால் தரை அதிரும், படம் ஆடும் என்று தேவகி முன்பே சொல்லி வைத்திருந்தாள் போல. ஆறு மணிக்கு அவராகவே போய் நான்கையும் நிறுத்தினார். திடீரென்று வந்த அந்த அமைதியில் என் குரலே எனக்குப் பெரிதாகக் கேட்டது.

கொல்லையில் தாங்கு காலை ஊன்றி, தொலைநோக்கியை ஏற்றி, கேமராவைப் பொருத்தினேன். வடகிழக்கே கபெல்லா நட்சத்திரம் பளிச்சென்று இருந்தது. எங்கள் நட்சத்திரம் அதற்கு அருகே, வெறும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். 6.50க்கு முதல் படம். நிமிடத்துக்கு ஒரு படம், ஒவ்வொன்றுக்கும் மடிக்கணினித் திரையில் ஒரு புள்ளி. 7.05க்குப் புள்ளிகள் இறங்கத் தொடங்க வேண்டும். 9.15க்குப் பழைய இடத்துக்கு ஏற வேண்டும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். விண்வெளித் தொலைநோக்கி ஒரே நேரத்தில் பெரிய பரப்பைப் பார்க்கிறது. அதனால் நெருங்கியிருக்கும் இரண்டு நட்சத்திரங்கள் அதற்கு ஒரே புள்ளியாகக் கலந்து தெரியலாம். எங்கள் நட்சத்திரத்தின் பக்கத்திலும் மங்கலாக ஒன்று இருந்தது. என் தொலைநோக்கியில் இரண்டும் தனித்தனி. எது மங்குகிறது என்று பார்ப்பதுதான் அன்றைய வேலையே. இது தேவகிக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

7.05 ஆயிற்று. 7.20 ஆயிற்று. திரையில் மேலே எங்கள் நட்சத்திரத்தின் புள்ளிகள் நூல் பிடித்த மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தன. கீழே, துணைக்குப் போட்டிருந்த பக்கத்து நட்சத்திரத்தின் வரிசை இறங்கத் தொடங்கியது. 7.40க்குச் சந்தேகமே இல்லை. அது நன்றாக, ஆழமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கிரகத்தால் அவ்வளவு மறைக்க முடியாது. அங்கே இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, நான்கு நாள் பதினான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒன்று மற்றதை மறைக்கிறது. அதன் நிழல்தான் இத்தனை மாதமாக எங்கள் நட்சத்திரத்தின் கணக்கில் விழுந்திருக்கிறது.

பொறு, முடியட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொன்னாள்.

"இது இல்லக்கா. பக்கத்துல இருக்கறதுதான் மங்குது."

முனிரத்தினம் தட்டில் இட்லி கொண்டுவந்து வைத்துவிட்டு, உங்க கெரகம் வரலியா என்று கேட்டார்.

"அது இருந்ததே இல்ல பாவா."

அவர் தறியைப் போடட்டுமா என்றுகூடக் கேட்காமல் துணி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்துவிட்டார். 9.15 வரை அளந்தால்தான் கணக்கு முழுசாகும் என்பதால் நிறுத்தாமல் எடுத்தோம். இல்லாத ஒன்றை இல்லை என்று எழுதுவதற்கும் முழுக் கணக்கு வேண்டும்.  நடுவில் ஒருமுறை தேவகி, "எழுவத்தி மூணு வருஷம் வாழ்த்து சொல்லிகினு இருந்தோம்க்கா" என்றாள். அந்த இரட்டை நட்சத்திரமும் யாரும் அறியாததுதானே, அதுவும் ஒரு கண்டுபிடிப்புதானே என்று நான் சொன்னேன். ஆங் என்றாள். அவள் குரலில் மரியாதை மட்டும்தான் இருந்தது. எனக்கே அந்த ஆறுதல் ஒட்டவில்லை. அந்த இடத்தின் வானத்தை, அங்கே அதன் சூரியன் எவ்வளவு பெரிதாக எழும் என்பதை எத்தனை பேருந்துப் பயணங்களில் நினைத்துப் பார்த்திருப்பேன். போக முடியாத ஊர் என்று ஆரம்பத்திலேயே தெரியும். போக முடியாவிட்டாலும் அது அங்கே இருக்கும் என்றுதான் இருவரும் நம்பியிருந்தோம்.

9.20க்குக் கேமராவைக் கழற்றினேன். தேவகி குழாயின் மேல் கை வைத்துக்கொண்டு, இதில் கண்ணால் பார்க்கலாமா என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் வரைபடத்தைப் பார்த்தவள், ஒரு தொலைநோக்கி வழியாக இதுவரை எதையுமே பார்த்ததில்லை.

மேற்கே சாய்ந்துகொண்டிருந்த கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் கையால் காட்டினேன். திருத்தணிப் பக்கத்துப் பெண்ணுக்குக் கார்த்திகையைக் காட்டியிருக்க வேண்டியதே இல்லை. அதற்குக் கொஞ்சம் கீழே தொலைநோக்கியைத் திருப்பி, ஐந்து நிமிடம் தேடி யுரேனஸைப் பிடித்தேன். மிளகைவிடச் சின்ன வட்டம், வெளிறிய பச்சை. அவள் குனிந்து கண்ணை வைத்தாள். வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

"இத யாரும் இல்லன்னு எடுத்துட மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

பிறகு முனிரத்தினத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, கார்த்திகைக்குப் பக்கத்துல இப்படி ஒண்ணு இருக்குதுன்னு யாரும் சொல்லலியே என்றார். அன்று அவர் பேசியதில் அதுதான் நீளமான வாக்கியம்.

மறுநாள் காலை வீட்டில் நாஷ்டா முடித்து 8.10 பஸ்ஸில் திருத்தணி, அங்கிருந்து ரயில். கிளம்பும்போது, கையோடு கொண்டுவந்திருந்த என் பைனாகுலரைத் தேவகியிடம் விட்டுவிட்டு வந்தேன். தளத்துக்கு அளவீடுகளை அனுப்பிய நான்காம் நாள் இரண்டு வரியில் நன்றி வந்தது. அந்த நட்சத்திரம் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. அதன்பின் வாழ்த்துச் செய்தி எதுவும் வரவில்லை. நானும் அனுப்பவில்லை. ஆனால் பல நாட்களுக்கு அந்த நேரம் வரும்போது கை தானாகப் போனை எடுத்தது.

இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அமாவாசையை ஒட்டிய நாட்களில் போங்கள். தை, மாசி மாதங்களில் வானம் தெளிவு. கிருத்திகை நாளில் மட்டும் திருத்தணியை எட்டிப் பார்க்காதீர்கள், ரயிலிலேயே நிற்க இடம் இருக்காது. மலைமேல் விளக்கு அதிகம், நட்சத்திரம் பார்க்க உதவாது. ஊரைத் தாண்டி ஆர்.கே.பேட்டை, கனகம்மாசத்திரம் பக்கம் தெரிந்தவர் வீடு இருந்தால் அங்கே தங்குங்கள். பனி இறங்கும், லென்ஸைத் துடைக்கப் பருத்தித் துணி வேண்டும். யுரேனஸ் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. நல்ல பைனாகுலரும், எங்கே பார்ப்பது என்று தெரிவதும் போதும். வட்டமாகத் தெரியாது, நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளிதான். அது கிரகம் என்று தெரிந்துகொள்ள, இடம் மாறுகிறதா என்று நாள் கணக்கில் பார்க்க வேண்டும்.

தேவகி அப்படித்தான் பார்த்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. தளத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். பங்குனி பிறந்த இரண்டாம் நாள் ஒரு படம் அனுப்பினாள். கோடு போட்ட நோட்டுத் தாளில், கார்த்திகைக்குக் கீழே உள்ள நட்சத்திரங்களைப் பேனாவால் புள்ளி வைத்திருக்கிறாள். நடுவே பென்சிலில் ஒரு வரிசை, ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் தேதி. முதல் சில வாரங்களின் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக் கிடக்கின்றன. பிறகு மெல்லப் பிரிகின்றன. கடைசிப் புள்ளி தனியாக, கிழக்கே தள்ளி நிற்கிறது. அதன் கீழே ஒரே வரி.

"நவுந்துட்டுது அக்கா."