எனக்குக் கூட்டிக் காட்டிய போன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. இலங்கையில் நிவித்திகலப் பக்கம், தேயிலை பாதி ரப்பர் பாதியாக இருக்கும் ஒரு தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. கொழுந்து எடுக்கப் போகும் அம்மாமார் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் வருவதற்கு முன், விடிந்தும் விடியாத நேரத்தில் நான் ஓடிவிட்டு வந்துவிடுவேன். பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன ஓட்டத்தை இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு மறுபடி பிடித்திருந்தேன்.

அந்த வருடம் மாவட்ட அணிக்குப் பெண்கள் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஐம்பத்தைந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். மூன்று மாத இடைவெளியில் இரண்டு தேர்வு, எதில் முடித்தாலும் சரி. வயது மட்டும் முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. எனக்கு முப்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது. விட்டால் அவ்வளவுதான்.

ஆனால் எனக்குப் பயமே இருக்கவில்லை. காரணம் என் போன். ஓட்டத்தை அளக்கிற ஆப் ஒன்றைப் போட்டு, மழைக்குப் பொலித்தீன் பையில் சுற்றி, இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவேன். காம்பரா வாசலில் தொடங்கி, ரப்பர் மலைக்குள் வளைந்து வளைந்து போகும் பாதையில் ஒரு சுற்று வந்தால் ஐந்து கிலோமீட்டர் என்று காட்டும். இரண்டு சுற்றுக்கு ஐம்பத்துமூன்று நிமிடம். அதைத் தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடுவேன். லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் கைதட்டுகிற படம் அனுப்புவார்கள். சில நாள் வரைபடத்தில் நான் ஓடைக்குள் இறங்கி தேயிலை ஸ்டோர் கூரைமேல் ஏறிப் போனதாகக் கோடு போட்டிருக்கும். சிரித்துவிட்டு அதை அப்படியே விட்டுவிடுவேன்.

முதல் தேர்வு இரத்தினபுரியில் ஒரு மைதானத்தில். இருபத்தைந்து சுற்று. வீட்டுக் கணக்குப்படி ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடமும் ஏழு விநாடியும் என்று மனதில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பத்துச் சுற்று வரை ராணி மாதிரிப் போனேன். பதினைந்தில் மூச்சு வாங்கியது. இருபதில் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முடிக்கும்போது அறுபத்தொரு நிமிடம்.

வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. சுற்று எண்ணிய அதிகாரியிடம் நேரே போய், மூன்று சுற்றுக் கூடுதலாக ஓட வைத்துவிட்டீர்கள் என்று சிங்களத்தில் சண்டை பிடித்தேன். பையிலிருந்த போனை எடுத்து, பழைய ஓட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அந்த மனிதர் பாவம், தன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என்னோடு ஓடிய ஒரு சிங்கள அக்கா பக்கத்தில் வந்தார். குருவிட்ட ஊர்க்காரர், என்னைவிடச் சில மாதம்தான் மூத்தவர், அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். "நங்கி, மேக்க பலன்ன", தங்கச்சி, இதைப் பார் என்று கையை நீட்டினார். ஓட்டக்காரர்கள் கட்டுகிற ஜீ.பி.எஸ். வாட்ச். அதில் பத்துக் கிலோமீட்டரும் சில மீட்டரும்தான் இருந்தது. எங்கே பழகுகிறாய் என்று கேட்டார். ரப்பர் மலைக்குள் என்றேன். மரத்துக்கு அடியில், மலை மறைவில் போன் தடுமாறும், நானும் அதில் ஏமாந்தவள்தான் என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் வாட்ச்சும் அதே வானத்தைப் பார்த்துத்தானே கணக்குச் சொல்கிறது, அது மட்டும் என்ன சாமியா என்று கேட்டேன். அவர் கோபிக்கவே இல்லை. வாட்ச்சைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டார். இரண்டையும் சேர்த்துக் கட்டி ஓடிப் பார், அடுத்த தேர்வில் திருப்பித் தந்தால் போதும் என்றார். முன்பின் தெரியாத ஒருத்திக்கு அப்படிக் கொடுக்க எனக்கு மனம் வந்திருக்காது.

மறுநாள் ஒரு சுற்று ஓடினேன். போன் ஐந்து கிலோமீட்டரும் முப்பது மீட்டரும் என்றது. வாட்ச் நாலு கிலோமீட்டரும் நானூற்றுச் சொச்சமும் என்றது. வாட்ச் பழுது என்று என் வீட்டுக்காரரின் அக்காவிடம் சொன்னேன். அவர் கொழுந்து எடுக்கிறவர். விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏன் புள்ள, கொழுந்து நிறுக்கையில அரைக் கிலோ கொறஞ்சா கணக்கப்புள்ளய சும்மா விடுறோமா? மறுபடி நிறுக்கச் சொல்லி நிக்கிறோம்ல. ஒனக்குக் கூடப் போட்டா மட்டும் வாய மூடிக்கிட்டு வாங்கிப்பியா?"

"அப்ப போன் பொய்யா சொல்லுது அண்ணி?"

"எனக்கு என்னா தெரியும்? அளந்து பாத்துருவோம், வா."

வடிகால் கான் வெட்டுவதை அளக்கிற ஐம்பது மீட்டர் டேப்பை தோட்டத்து ஆபீஸில் கேட்டு வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, அட்டைக் கடிக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு, எண்பத்தெட்டுத் தடவை இழுத்தோம். கடைசி இழுப்பு முழுதாகக்கூட வரவில்லை. நாலு கிலோமீட்டரும் நானூறு மீட்டரும்கூட முழுதாக இல்லை. வாட்ச்சுக்கும் டேப்புக்கும் கொஞ்ச மீட்டர்தான் வித்தியாசம். போன் ஒரு சுற்றுக்கு அறுநூறு மீட்டருக்கு மேல் எனக்குச் சும்மா கொடுத்திருக்கிறது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"அழுதது போதும்," என்றார் அண்ணி. "அந்த மிச்சத்த எங்க சேக்கப் போற, அதச் சொல்லு."

மேல் லயத்துக்குப் போகும் ஏற்றத்தில்தான் சேர்க்க முடிந்தது. டேப் பிடித்த இடங்களில் ரப்பர் மரத்தில் வெள்ளைப் பூச்சு அடித்தோம். அன்று பின்னேரம், இதுவரை நான் போட்டதெல்லாம் பிழை, பத்துக் கிலோமீட்டர் ஓட எனக்கு அறுபத்தொரு நிமிடம் ஆகிறது என்று ஸ்டேட்டஸ் போட்டேன்.

பிறகு மூன்று மாதம். மழையோ வெயிலோ, அந்த ஏற்றத்தை விடவில்லை. ஏறும்போது அதைத் திட்டாத நாள் கிடையாது. அறுபது ஆனது, ஐம்பத்தெட்டு ஆனது, அங்கேயே மூன்று வாரம் நின்றது. ஒரு நாள் ஐம்பத்தாறு.

இரண்டாவது தேர்வில் கடைசி இரண்டு சுற்றில் எனக்கு எதுவும் கேட்கவில்லை, கண்ணும் சரியாகத் தெரியவில்லை. கோட்டைத் தாண்டி விழுந்தேன். குருவிட்ட அக்காதான் தூக்கி நிறுத்தினார். ஐம்பத்துநாலு நிமிடம் நாற்பத்தொரு விநாடி என்று அதே அதிகாரி வாசித்தார். தள்ளாடிக்கொண்டே அவரிடம் போய், ஸ்டாப்வாட்ச்சையும் சுற்றுத் தாளையும் காட்டச் சொன்னேன்.

"ஐ நங்கி, தாம ரண்டுத?" என்றார். இன்னும் சண்டையா என்று கேட்டுச் சிரித்தார்.

இல்லை சேர், இன்றைக்குக் கணக்கு எனக்குச் சாதகமாக இருக்கிறது, அதனால்தான் பார்க்க வேண்டும் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டையும் என் கையிலேயே கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன், இருபத்தைந்தும் சரியாக இருந்தது. குறைத்துச் சொல்கிறவர்களோடு சண்டை போட எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கூட்டிச் சொல்வதையும் ஒரு தடவை அளந்து பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு முப்பத்தைந்து வயதானது.