பள்ளத்துக்கு இந்தக் கரையில் ஒரு சுவிட்ச்

அன்னூர்ப் பக்கம் யாரும் சீண்டாத பாறைக்காட்டில் மோட்டார்ப் பட்டறை கட்டியவன் நான். படித்தது அஞ்சாம் வகுப்பு. அடுத்தவர் பட்டறையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே மோட்டாருக்குக் காயில் சுற்றக் கற்றுக்கொண்டேன். பேங்கில் கடன் தர மாட்டோம் என்றார்கள், கட்டினேன். அந்தக் காட்டுக்குக் கரண்ட் வராது என்றார்கள், வரவழைத்தேன். மகளை டாக்டராக்கினேன். மகனுக்குப் பெருந்துறையில் தனிப் பட்டறை போட்டுக் கொடுத்தேன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். பள்ளத்தைத் தாண்டி நான் இழுத்த ஒயர்தான் யாருடைய கணக்கிலும் வரவில்லை.

என் பட்டறையில் காயில் கட்டுபவர் ஓர் இலங்கைத் தம்பி. சின்ன வயதில் அகதியாக வந்து முகாமில் வளர்ந்தவர். படகேறி வேறு நாட்டுக்குப் போகப் பார்த்துப் பிடிபட்டு, வெகுகாலம் பூட்டிய முகாமில் கிடந்தார். பிறகு நிபந்தனை போட்டு வெளியே விட்டார்கள். வாரா வாரம் தாலுக்கா ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும். அனுமதி வாங்கிய இடத்தில் வேலை பார்க்கலாம். ஆனால் தாலுக்கா எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மறுபடியும் பூட்டுக்குள்.

அவர் உள்ளே இருந்தபோது பிறந்த மகள், வெளியே வந்த அன்று அவரைப் பார்த்து அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாளாம். அப்பா என்று கூப்பிட மாசக்கணக்கானதாம். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் இதைச் சொன்னவர், தயிர்ச்சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டார். கையெழுத்துப் போட்ட மிச்ச நேரம் பிள்ளையோடு இருக்கட்டும் என்று, அடுத்த வாரத்திலிருந்து அவருடைய கையெழுத்து நாளையே பட்டறைக்கு லீவு நாளாக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆட்கள் முணுமுணுத்தார்கள். முதலாளி நான்தானே!

அவருக்கு ஒரு கைராசி உண்டு. புது போர்வெல்லில் மோட்டார் இறக்கினால், காயில் கட்டியவர் கையால் முதல் சுவிட்ச் போட வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் போட்ட இடத்திலெல்லாம் தண்ணீர் வற்றியதே இல்லை. இது என் மகனின் மாமனார் காதுக்கும் போய்விட்டது. அவர் ஏற்கெனவே போட்ட இரண்டு போர்வெல்லும் தண்ணீர் இல்லாமல் வெறும் புகையாகப் போயிருந்தன. மூன்றாவதில் ஈரம் தட்டியதும் நேரே என்னிடம் வந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, அந்தத் தம்பி கையாலதானுங்க சுட்ச்சு போடோணும். இல்லீன்னா மோட்டாரே எறக்க மாட்டனுங்க."

அவர் தோட்டம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம். மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் சின்ன ஓடைதான். ஆனால் அக்கரையில் தாலுக்காவே வேறு. தம்பியிடம் கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார்.

"அங்கால வர ஏலாது ஐயா. பிள்ளை இப்பதான் என்னோட ஒட்டியிருக்கிறாள்."

சம்பந்தியைத் தட்ட முடியாது. தம்பியைத் தாண்ட வைக்கவும் முடியாது. காயில் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் யோசனை வந்தது. ஆள் அங்கே போகக் கூடாது, அவ்வளவுதானே. சுவிட்ச் இங்கே வரக் கூடாது என்று எவன் சொன்னான்? மோட்டார் ரூமிலிருந்து பள்ளத்துக்குக் குறுக்கே மூங்கில் நட்டு, ஒயர் இழுத்து, சுவிட்சை இந்தக் கரைப் பனைமரத்தில் கொண்டுவந்து மாட்டிப்போட்டேன்.

கற்பூரம் அந்தக் கரையில் எரிந்தது. தம்பி இந்தக் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பார்த்த சந்தோஷத்தில் அவர் கால் தன்னால் ஓர் எட்டு முன்னே போனது. சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன்.

சம்பந்தி வீட்டார் அதைப் போனில் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். அது தாலுக்கா ஆபீசுக்கும் போய், எங்கள் இருவரையும் வரச் சொல்லி ஆள் வந்தது. தம்பியின் மனைவி குழந்தையோடு ஆபீஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள். தம்பிக்கு உதடெல்லாம் வெளுத்திருந்தது.

அந்தப் பக்கம் காலை வைத்தீர்களா என்று தாலுக்கா அதிகாரியம்மா தம்பியிடம் கேட்டார்.

"இல்லை மேடம். தண்ணியக்கூட இங்கால நிண்டுதான் பாத்தனான்."

அந்தம்மா போனில் அந்தப் படத்தை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு மனு கொடுத்திருந்தால் அன்றைக்கு மட்டும் அனுப்பியிருப்பேனே, ஏன் கேட்கவில்லை என்றார். அப்படிக் கேட்கலாம் என்றே எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"மனு எழுதத் தெரியாதுங்க. ஒயர் இழுக்கத் தெரியுமுங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பிறகு மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். என் ஆடிட்டர் டைப் அடித்துக் கொடுத்தார். கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது: கையெழுத்து இனி மாதம் ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லிவிட்டு வேலைக்காக வெளியேயும் போய் வரலாம்.

முதல் வேலையாகத் தம்பியைக் குடும்பத்தோடு காரில் ஏற்றிச் சம்பந்தி தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். இலை போட்டுச் சாப்பாடு. அந்தக் குழந்தை குழாய்த் தண்ணீரில் நின்றுகொண்டு, அப்பா, அப்பா என்று கத்திக் கூப்பிட்டு அவர்மேல் வாரி இறைத்தாள். எனக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. தண்ணீர் தெறித்ததுதான்.

இப்போது தம்பி குடியிருக்கும் அகதி முகாமில் கேட்டால் அந்த அதிகாரியம்மாவின் நல்ல மனசு என்கிறார்கள். சரி, நல்லவர்தான். சம்பந்தி ஆடிட்டரின் மனுவைப் புகழ்கிறார். ஒயர் இல்லாமல் படம் ஏது, படம் இல்லாமல் மனு ஏது? கோயில் டியூப்லைட்டில்கூட உபயம் யாரென்று எழுதுகிறார்கள். சம்பந்தி மோட்டார் ரூமுக்கு வெள்ளை அடிக்கப் போகிறாராம். சுவரில் "ஒயர் உபயம்" என்று என் பேரைப் பெரிய எழுத்தில் போட்டாக வேண்டும், பள்ளத்துக்கு இந்தக் கரையிலிருந்து படிக்கிற மாதிரி.